ஒரு பெட்டியில் இரண்டு குடித்தனம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எழுதச் சொன்னால் என் பெயரோடு நின்றுவிடுவேன். ஆனால் இடி இடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

அப்போது இலங்கையில் சண்டைக் காலம். தேயிலைத் தோட்டத்தை விட்டு மாத்தளைப் பக்கம் நாவுலையில் குடியேறியிருந்தோம். என் கடைக்குட்டி புஷ்பம் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தாள். அதில் எல்லாமே இங்கிலீஷ். இந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாதா என்று தினமும் நச்சரித்தது நான்தான். (இன்றும் கேட்பேன். என்ன தப்பு?)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழில் ஓடும் லினக்ஸ் என்று ஒரு சீடியோடு வந்தாள். பழைய விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே இதையும் ஏற்றலாமாம். எப்படி என்றேன்.

"லயத்துல ஒரு காம்பராவ நடுவுல மறைச்சு ரெண்டு குடும்பம் இருந்தோமேம்மா, அதே மாதிரிதான்."

தோட்டத்து லயத்தின் அந்த ஒற்றை அறையில், மறைப்புக்கு இந்தப் பக்கம் ஆறு பிள்ளைகளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது புரியாதா?

மருமகள் ராணிக்குத்தான் பயம். அவளுடைய கல்யாணப் படங்கள் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. எதை ஆல்பத்தில் போடுவது என்று அவளும் என் மகன் சிவாவும் மாதக்கணக்காகச் சண்டை பிடித்ததில் ஒன்றைக்கூடப் பிரிண்ட் எடுக்கவில்லை. முதலில் வேறு இடத்தில் ஒரு காப்பி எடுத்து வைக்கலாமே என்றாள், வயிற்றுப் பிள்ளைக்காரி. மறைப்புக் கட்டுவதற்குச் சாமானையெல்லாம் வெளியே தூக்கிப் போடுவார்களா என்று அவள் வாயை அடைத்ததும் நான்தான்.

திரையில் ஒரு கோடு நத்தை போல ஊர்ந்தது. பெட்டி இப்போது இடத்தைப் பிரிக்கிறது, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் புஷ்பம் குளிக்கப் போனாள்.

வானம் இருண்டு, நாலந்தைப் பக்கம் இடித்தது. எங்கள் பகுதியில் முதல் இடிக்கே வீட்டுப் பிளக்குகள் எல்லாம் கழன்றுவிடும். டிவி, பிரிட்ஜ் என்று பிடுங்கிக்கொண்டே வந்தவள், அதே கையோடு இதையும் பிடுங்கினேன். துணி வேறு போர்த்திவிட்டேன்.

மழை விட்டதும் பெட்டியைப் போட்டால் விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மறைப்புப் பாதியில் நிற்க, இரண்டு குடும்பமும் தெருவில். படங்கள் போனது போனதுதான்.

ராணி அழவில்லை; அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "எனக்குக் கல்யாணம் நடந்துச்சுன்னு இனி எதக் காட்டுவேன் மாமி?" என்றாள்.

"இன்னொரு தடவ பண்ணிட்டாப் போச்சு."

அடுத்த வாரமே கூறைச் சேலையும் மாலையுமாக மாத்தளை ஸ்டூடியோவுக்கு பஸ் ஏறினோம். சோதனைச் சாவடியில் பையைத் திறந்த சிப்பாய், யாருக்குக் கல்யாணம் என்று சிங்களத்தில் கேட்டான். இவர்கள் இருவருக்கும்தான் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அவன் ராணியின் வயிற்றைப் பார்த்தான். சிவாவைப் பார்த்தான். சீக்கிரம் போங்கள் என்று பையை அவனே மூடிக் கொடுத்தான்.

அந்தப் படம்தான் இன்றும் எங்கள் முன்னறையில் தொங்குகிறது. ஆறு மாத வயிற்றோடு மணப்பெண். வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்ப்பார்கள். நான் பிளக்கைப் பிடுங்கிய அன்று அடுத்த வீட்டு டிவி இடியில் கருகிப்போனதை மட்டும் இந்த வீட்டில் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. இடியால் எங்கள் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. புஷ்பம் பிறகு அதில் தமிழை மட்டும் ஏற்றினாள். திரையில் 'கோப்பு' என்று இருந்ததை நானே கூட்டி வாசித்தேன். இன்று இடித்தாலும் பிடுங்குவேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள், அந்தப் படத்தில் வயிற்றுக்குள் இருந்த என் பேத்தி. அப்பா அம்மா கல்யாணத்துக்கு நானும் போனேன் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள்.

போதும் புள்ள, இப்ப படிச்சுக் காட்டு. அடுத்த வீட்டு டிவி வர்ற எடத்த மட்டும் சத்தமாப் படி. குசினியில சமைக்கிற ஒங்கம்மாவுக்குக் கேக்கட்டும்.