நூலகத்துக்குப் போன முதலை

நாட்டுக்கு உழைப்பது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமைதோறும், மூன்றிலிருந்து ஐந்து வரை. அந்த நேரத்தில்தான் என் மனைவி கொல்லைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வாள்.

மனைவி பெயர் எதுவினா. பெயரிலேயே வினா. வாயைத் திறந்தாலும் அதுதான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நூலகத்துக்கு. சின்னப் பிள்ளைங்களுக்குக் கதை வாசிக்கப் போறேன். தொண்டு."

"வீட்டுல மருந்துச் சீட்டை வாசிக்கச் சொன்னா கண்ணு தெரியலம்பீங்க?"

"அது பொடி எழுத்து. இது பெரிய எழுத்து."

"முதுகுவலி?"

"உக்காந்துதானே வாசிக்கணும்!"

அவள் பேசாமல் உள்ளே போய்விட்டாள். எங்கள் மொம்போஸ் ஊரிலேயே பெண்டாட்டியை வாயடைத்த ஒரே ஆண்பிள்ளை நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் யாமிலே எனக்கு மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டாள். கொய்யாச் சாறு கொடுத்தாள். எதிரே பாயில் பதினெட்டுப் பிள்ளைகள். கதை, ஆற்றை விட்டு ஓடும் ஒரு முதலையைப் பற்றியது. மூன்றாம் பக்கத்தில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருவன் பாயைத் தின்ன ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டு மைரா, ஐந்து வயசு, கேட்டாள்: "முதலை ஏன் மாமா ஓடுது?"

புத்தகத்தில் பதில் இல்லை. என்னிடம் இருந்தது.

"பெஞ்சாதி முதலை வேலை சொல்லுது. அதான் முதுகுவலின்னு பொய் சொல்லிட்டு ஓடுது."

பாயே குலுங்கியது. கைதட்டல் பொல்லாத சாமான். புத்தகத்தை மூடிவிட்டேன். முதலை சந்தைக்குப் போகாமல் டபாய்த்ததைச் சொன்னேன். அரிசி மூட்டைக்குள் ரம் பாட்டிலை ஒளித்ததையும் சொன்னேன். அடுத்த வாரம் முப்பது பிள்ளைகள். தெருவில் தாய்மார்கள் வணக்கம் சொன்னார்கள். பாதிரியார் ஒரு நாள் எனக்காக மிதிவண்டியை விட்டே இறங்கினார்.

மூன்றாவது சனிக்கிழமை என் நாற்காலியில் எதுவினா உட்கார்ந்திருந்தாள்.

"பெஞ்சாதி முதலையோட கதையும் வேணும்னு பிள்ளைங்க ஒரே பிடிவாதம்" என்றாள் யாமிலே. "மைராதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா. நீங்க சொன்ன கதையெல்லாம் முதல் வாரத்துலேர்ந்தே வேலியோரம் நின்னு உங்க வீட்டம்மாகிட்ட ஒப்பிச்சுட்டாளாமே!"

நான் பாயில் உட்கார்ந்தேன். வேறு இடம் இல்லை.

எதுவினா கையில் புத்தகமே இல்லை.

"பெஞ்சாதி முதலை என்ன பண்ணிச்சு தெரியுமா? பாட்டில்ல இருந்த ரம்மைக் கொட்டிட்டு, வெல்லத் தண்ணியை ரொப்பி வச்சுது. புருஷன் முதலை ரெண்டு வாரமா அதைத்தான் குடிக்குது."

"கண்டுபிடிக்கலையா?" என்றான் ஒரு பையன்.

"எங்க! தள்ளாடித் தள்ளாடிப் பாட்டுப் பாடுச்சு. நேத்து, தான் சின்னதா இருந்தப்போ செத்துப்போன கழுதையை நினைச்சு அழுதுச்சு. வெறும் வெல்லத் தண்ணிக்கு!"

முப்பது பிள்ளைகளும் உருண்டு சிரித்தார்கள். யாமிலே தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று.

மைரா கையைத் தூக்கினாள்.

"அப்புறம் அந்த முதலை என்ன ஆச்சு?"

எதுவினா நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"அது இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேரலடி கண்ணு."