உப்பிய கதவு

"அண்ணே! தொறக்க மாட்டேங்குதுண்ணே!"

உள்ளறையிலிருந்து பாஸ்கரன் கத்தினான். பல் துலக்கிக்கொண்டிருந்த பரந்தாமன் நுரை வாயோடு ஓடிவந்து கதவில் தோளைக் கொடுத்தார். கதவு திறந்த வேகத்தில் தம்பியின் கட்டிலில் போய் விழுந்தார். தம்பியின் புது மனைவி வடிவு அலறிக்கொண்டு மூலைக்கு ஓடினாள்.

ஆவடியில் அவர் கட்டிய வீட்டில் இருந்ததே அந்த ஓர் அறைதான். கல்யாணமான தம்பிக்கு அதைக் கொடுத்துவிட்டு, அவரும் மனைவி சுசீலாவும் கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். அப்பா, அம்மா போனபின் அவர் வளர்த்த பிள்ளை அவன். கடைசிவரை ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

"வேற ஊடு பாத்துக்கறோம்ணே" என்றான் பாஸ்கரன்.

"ஒரு கதவுக்காவ குடும்பம் பிரியறதா? அம்பத்தூர் எஸ்டேட்ல ஃபிட்டர்டா நானு!"

ஃபிட்டர் முதலில் கதவோரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு இழைப்புளி இரவல் வாங்கி இழைத்தார். இரண்டு நாள் சொன்னபடி கேட்ட கதவு மறுபடி பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் உப்பினால் நியாயம் உண்டு. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடும் சித்திரையில் எந்தக் கதவு உப்பும்?

"மட்டமான மாமரம்ங்க. வெயிலுக்கும் உப்பும் போல கீது" என்றாள் சுசீலா.

கீலுக்கு அடியில் வாஷர் கொடுத்துக் கதவைத் தூக்கினார். மேலே இடித்தது. மேலே அறுத்தார். கீழே பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை திருமழிசையிலிருந்து வடிவின் அப்பா துலுக்கானம் பலாப்பழத்தோடு வந்தபோது, மகள் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சம்பந்தி, பொண்ண ஜெயில்ல பாக்க வந்த மாதிரி கீது?"

பரந்தாமனுக்கு மானம் போயிற்று. கடப்பாரையை எடுத்து நெம்பினார். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு பறந்து துலுக்கானத்தின் நெற்றியைப் பதம் பார்த்தது.

அன்று மாலை பாஸ்கரன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"தாப்பா இல்லாத ரூம்புல நாங்க எப்டிண்ணே கீறது?"

பரந்தாமன் வளைந்த தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

மறுவாரம் மீன்பாடி வண்டியில் சாமான்கள் நெமிலிச்சேரிக்குப் போயின. சுசீலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வடிவுக்குப் பூ வைத்து அனுப்பினாள். பரந்தாமன் தெருமுனைவரை நடந்துபோய், வண்டி மறைந்தபிறகும் நின்றார். ஒரு கதவைச் சரிபண்ணத் துப்பில்லாமல் தம்பியைத் தொலைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அதற்குப்பின் கதவு பிடிக்கவே இல்லை. காய்ந்து சுருங்கி, பூனை புகும் அளவுக்கு இடைவெளி விட்டுத் தொங்கியது. வேலைக்குப் போகப் பிடிக்காத ஒருநாள், காலியான அறைக்குள் உட்கார்ந்து, அதை ஒற்றை விரலால் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தார். செய்த வேலையெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

பக்கத்து வீட்டு நாகம்மாள் காலிக் குடத்தோடு கொல்லைப்புறமாக வந்தாள். அவர் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியாது.

"சுசீலாக்கா, அதான் அவங்க போய்ட்டாங்களே, தெனம் கதவுக்கு ஊத்திகினு இருந்தியே, அந்தத் தண்ணிய இனிமே எனக்காச்சும் குடேன்!"