கதிரேசனின் குளிர்ந்த பாதங்கள்

கனடாவிலிருந்து வந்த கடிதத்தின் நாலாவது வரியில் எழில் நின்றுவிட்டாள். 'எனக்குக் குளிர்ந்த பாதங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான் கதிரேசன். வரும் பங்குனியில் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

எழில் ஒரு மகளிர் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். அதற்காகவே கதிரேசன் சிரமப்பட்டு ஆங்கிலத்தில் எழுதுவான்.

"என்ன கண்ணு எழுதியிருக்காப்ல?" என்றார் அப்பா நஞ்சப்பன்.

"கல்யாணத்துக்குப் பயமா இருக்குதாமுங்கப்பா. பின்வாங்கறாருங்க."

"அப்படியா எழுதியிருக்குது?"

"பாதம் குளிருதுன்னா இங்கிலீஷ்காரங்க ஊர்ல அதுதானுங்க அர்த்தம்."

"எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுப்போடலாமே."

"இதையெல்லாம் போன்ல கேக்க முடியாதுங்கப்பா."

மார்கழி மாதம். ஜன்னலுக்கு வெளியே உக்கடம் குளத்தின் மேல் பனி மிதந்தது. அந்த வெண்மைக்குள் நீளக் கோட்டு போட்டுக்கொண்டு கதிரேசனோடு கனடாவில் நடப்பதாக மூன்று மாதமாக அவளுக்கு ஒரு கனவு. இப்போது கனவில் அவன் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

அழுதுகொண்டு எழுதினாலும் நல்ல ஆங்கிலத்தில்தான் எழுதினாள். 'புதரைச் சுற்றி அடிக்காதீர்கள். மண்வெட்டியை மண்வெட்டி என்றே சொல்லுங்கள்.' சுற்றி வளைக்காமல் உள்ளதைச் சொல் என்பதை அந்த மொழியில் அப்படித்தான் சொல்வார்கள்.

தை பிறந்து பதில் வந்தது. 'இங்கே புதரெல்லாம் பனிக்கடியில் இருக்கிறது. மண்வெட்டி பற்றி இரவும் பகலும் யோசிக்கிறேன். உன் மனசு புரிந்துவிட்டது.'

"கேலி பண்றாருங்கப்பா," என்றாள் எழில்.

கடைசியாக ஒரே ஒரு வரி எழுதிப் போட்டாள். 'புதிய இலையைத் திருப்புங்கள்.' இனியாவது திருந்தி நட என்று பொருள்.

அதற்குப் பதிலே இல்லை. மாசியும் பாதி போய்விட்டது. நஞ்சப்பன் மண்டபம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வரக் காந்திபுரத்துக்குக் கிளம்பி, செருப்பை மாட்டினார். வாசலில் கதிரேசனின் அம்மா பாவாத்தாள் நின்றிருந்தாள்.

"உங்க பையனுக்கு இஷ்டமில்லீன்னா நேரா சொல்லியிருக்கலாமுங்க," என்றார் நஞ்சப்பன். "பாதம் குளிருதுன்னு எழுதறதுங்களா?"

"குளிராம என்ன பண்ணுமுங்க? முழங்கால் வரைக்கும் பனியாம். காலு வெறைச்சுப்போச்சுன்னு எனக்குந்தான் எழுதியிருந்தான்."

எழிலுக்குக் கண் நிறைந்தது. குளத்தின் மேல் இருந்த வெண்மையில் அவன் நின்று, திரும்பி, கையை நீட்டினான். கோட்டுக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

பாவாத்தாள் அவள் கன்னத்தை வழித்தாள். "நீ லெட்டருக்கு லெட்டர் புதரு, மண்வெட்டி, இலைன்னு எழுதுனதைப் பாத்துப்போட்டு, 'அம்மணிக்கு வெவசாயத்து மேலதான் உசுரும்மா'ன்னு வேலைய உட்டுப்போட்டு ஒரேயடியா வந்துட்டான் கண்ணு, சத்தியமங்கலத்துப் பக்கம் ரண்டு ஏக்கரா வாங்கியாச்சு."