மொரட்டோரியம் வந்த காடு

ஒரு காட்டில் சிங்கத்தின் மதியச் சாப்பாடு முறைப்பட்டியல்படி நடந்து வந்தது. யாருக்கு எந்தக் கிழமை என்று ஆலமரத்தில் ஒட்டிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமைக்கு நேராக முயலின் பெயர் இருந்தது.

திங்களன்று, பக்கத்துக் காட்டு மாநாட்டுக்குப் போயிருந்த சிங்கம் திரும்பி வந்து ஒரு சுற்றறிக்கை விட்டது: ‘மதிய உணவு விஷயத்தில் நாளை முதல் மொரட்டோரியம்.’ மேடையில் யாரோ உச்சரித்த ஆங்கிலச் சொல். கம்பீரமாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சிங்கத்துக்கு ஒன்றும் தெரியாது.

முயல் பதறிப்போனது. நாளைக்கு வர வேண்டுமா, வேண்டாமா என்று தலைமைக் குமாஸ்தா நரியிடம் கேட்டது. நரிக்கும் தெரியாது. ஆனால் அதன் வம்சத்தில் மூன்று தலைமுறையாக யாரும் ‘தெரியாது’ என்று சொன்னதில்லை.

“ஏம்ப்பா, தெளிவாத்தானே போட்டிருக்கு?” என்றது.

குடும்பத்தோடு வரச் சொல்கிறார்கள் என்றது கரடி. அது ஒருவகைக் குழம்பு என்றது மயில். முயலுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. அன்று மாலையே மனுக் கொடுத்தது: ‘மேற்படி சொல்லுக்கு விளக்கம் கோருகிறேன்.’

நரிக்கு உயிர் வந்தது. விளக்கம் கேட்டுவிட்டால், அது வரும்வரை மேல்நடவடிக்கை கிடையாது. கோப்பைச் சிங்கத்துக்கு அனுப்பியது. சிங்கம் ‘பேசுக’ என்று எழுதித் திருப்பியது. நரி போனது, இருவரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தார்கள். கோப்பு மறுபடி போனது, மறுபடி ‘பேசுக’ என்று வந்தது. இப்படியே நாற்பது நாள். தான் சொன்ன சொல்லுக்குத் தானே போய்ப் பொருள் கேட்க முடியாமல், சிங்கம் மதியத்தில் பப்பாளி தின்றது.

நாற்பத்தோராம் நாள் ஆமை ஓர் அகராதியோடு வந்து சேர்ந்தது. மனுப் போட்ட அன்றே புறப்பட்டதாம்.

“முயலண்ணே, தப்பிச்சீங்க. பெயர்ச்சொல். ஒரு காரியத்தைத் தற்காலிகமா நிறுத்தி வைக்கிறது. கடன் தவணைக்கு அதிகமாச் சொல்வாங்க. லத்தீன்ல தாமதம்னு அர்த்தமுள்ள வேர்லேர்ந்து வந்திருக்கு.”

“தற்காலிகமான்னா, எதுவரைக்கும்?”

“அதை ராஜாதான் தேதி போட்டுச் சொல்லணும்.”

முயல் சற்று யோசித்தது. அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னது. வாங்கிப் பார்த்தது. கிழித்துத் தின்றது.

“அறிவுய்யா அது” என்றது ஆமை.

“கொஞ்சம் பழசு. ஆனா நல்லா மெல்ல வருது” என்றது முயல்.

அகராதி வந்திருக்கும் விஷயம் கேள்விப்பட்ட சிங்கம் ஆமையைக் கூப்பிட்டு, தன் சொல் புத்தகத்தில் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டது. ஆமை, கூடவே வந்திருந்த முயலைப் பார்த்தது. பிறகு அகராதியைப் புரட்டிக் காட்டி, இல்லை என்றது.

சிங்கத்துக்கு ஏகப் பெருமை. அகராதிக்கே தெரியாத சொல்லைத் தான் சொல்லியிருப்பதாக அன்று முழுவதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது. நரி கோப்பில் ‘பொருள் நிலுவை’ என்று எழுதிக் கட்டி வைத்தது. முயலுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நீதி: ஒரு சொல்லின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு வேறு யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.