பன்னிரண்டு கோணல் முயல்கள்

நாலாவது முயலும் நேராக வந்துவிட்டது.

கடிகார மெக்கானிக் அதை மேஜையில் நிற்கவைத்துப் பார்த்தார். இரண்டு காதும் ஒரே உயரம். மூக்கு நட்டநடுவில். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இதுவும் நல்லா வந்துடுச்சா?" மனைவி துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டாள்.

"ஆமா."

முப்பத்தெட்டு வருஷம் கைக்கடிகாரங்களின் வயிற்றைத் திறந்து மூடியவர். கடையை மூடிய பிறகு கை சும்மா இருக்க மறுத்ததால், பக்கத்துத் தெரு கைவினைக் குழுவில் சேர்ந்து கம்பளி நூலில் பொம்மை பின்னக் கற்றுக்கொண்டார். குழு மாதம் ஒருமுறை நூலக வாசலில் மேஜை போட்டு விற்கும். போன மாத விற்பனைக்குத் தன் முதல் முயலைக் கொடுத்தனுப்பினார். முதுகுப்பிடிப்பு, அவரால் போக முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து, குழுவில் சோப்பு செய்யும் அம்மாள் போன் செய்தார்.

"சார், உங்க கோணல் முயலை ஒரு பல் டாக்டரம்மா வாங்கினாங்கல்ல, அவங்க வந்திருந்தாங்க. ஒரு குழந்தை யார் சொன்னாலும் வாயைத் திறக்கவே திறக்காதாம். முயலைப் பார்த்துச் சிரிச்சுதாம். அந்தச் சந்துல டாக்டர் பல்லைப் பார்த்துட்டாங்களாம். இப்போ அதே மாதிரி பன்னெண்டு வேணுமாம்."

"கோணலா? நேராத்தானே இருந்துச்சு?"

"புதுசா போடறப்ப எல்லாருக்கும் அப்படித்தான் தோணும் சார்," என்றார் அந்த அம்மாள், மிக அன்பாக.

அந்த அன்புதான் அவரைச் சாய்த்துவிட்டது. நேருக்கும் கோணலுக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் ஊராருக்கு மணி காட்டினோம் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் ஒரு குழந்தை சிரித்திருக்கிறது. பன்னிரண்டு போட்டுத்தான் ஆகவேண்டும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பின்னினார். விரல்கள் தாமாகவே எண்ணிக்கொண்டன. இடதுகையால் பின்னினார். மூன்று நாள் ஆனதே தவிர, முயல் நேராகத்தான் நின்றது.

"இடதுகையும் உங்க கைதானே," என்றாள் மனைவி.

குலுங்கட்டும் என்று பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பின்னினார். அந்த வாரம்தான் ரோடு புதிதாகப் போட்டிருந்தார்கள். "என்ன நேர்த்தி சார்," என்று பக்கத்து சீட்டுக்காரர் பாராட்டவும், மனம் பொறுக்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார்.

கடைசியில் வேண்டுமென்றே கண்ணிகளை விட்டுவிட்டுப் பின்னினார். மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது கோணல் இல்ல. சீக்காளி. இதைப் பார்த்தா அந்தக் குழந்தை அழும்."

வேறு வழியில்லாமல் கண்ணி டீச்சரிடம் போனார். குழுவுக்குப் பின்னல் சொல்லிக்கொடுப்பவர். ஒவ்வொருவர் நாற்காலிக்குப் பின்னாலும் நின்று கண்ணியை எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் முழுவதையும் பிரிக்கச் சொல்வார்.

"டீச்சர், தப்பா போடறது எப்படின்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

டீச்சர் முகம் வெளுத்தது. "எதுக்கு என்கிட்ட வந்து கேக்கறீங்க?" என்றவர், அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி உள்ளே போனார். திரும்பி வரவேயில்லை.

விற்பனை நாளன்று மேஜையில் பன்னிரண்டு முயல்கள் அணிவகுத்து நின்றன. பல் டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"அழகா இருக்கு சார். ஆனா..."

"மன்னிச்சிடுங்க டாக்டர். முதல்ல வந்தது மறுபடி வரமாட்டேங்குது. எவ்வளவோ பார்த்துட்டேன்."

டாக்டர் ஆறுதலாகச் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். பல் போன சிரிப்போடு ஒரு சின்னப் பெண். அவள் மடியில் முயல். ஒரு காது வானத்தைப் பார்த்தது, இன்னொன்று தோளில் படுத்திருந்தது. வாய் கன்னத்துக்கு நழுவியிருந்தது.

மெக்கானிக் போனைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"டாக்டர், இது நான் போட்டது இல்ல."

சோப்பு அம்மாள் எட்டிப் பார்த்தார். "அன்னிக்கு வந்தது ரெண்டு முயல். இன்னொன்னு அவ்வளவு நேரா இருந்துச்சு. நாங்களா இதுதான் உங்களோடதுன்னு..." என்று இழுத்து, நிறுத்திக்கொண்டார்.

மேஜையின் மறுகோடியில் கண்ணி டீச்சர், ஏற்கெனவே மடித்திருந்த துணியை மறுபடி மடித்தார்.

"ஒரு மாசம் டைம் குடுங்க டாக்டர்," என்றார், தலையை நிமிர்த்தாமல். "எனக்கு எப்பப் போட்டாலும் அப்படித்தான் வரும்."