அட்டையில ஒரு சொட்டு

காரு மேல மச்சான் கை படக்கூடாது. கல்யாணமான புதுசுல நம்மாளு எடுத்த சபதம் இது. மச்சான்னா பொண்டாட்டியோட அண்ணன். மெக்கானிக். வண்டியை முதமுதல்ல பாத்தப்பவே, "மாப்ள, இது காரா, கொசு மருந்து அடிக்கிற வண்டியா?"ன்னு கேட்டுட்டான். சொந்தக்காரங்க மொத்தப் பேரும் சிரிச்சாங்க. மனுஷன் மறப்பாரா அதை? பொண்டாட்டி பொறந்தநாளைத்தான் மறப்பாரு.

அன்னிக்கு காலையில வண்டியைக் கிளப்பினாரு. பின்னாடி குபுகுபுன்னு புகை. பக்கத்து வீட்டு அக்கா, கொடியில காயப்போட்ட போர்வையைச் சுருட்டிக்கிட்டு சண்டைக்கே வந்துட்டாங்க. அவங்களைச் சமாதானம் பண்ணி அனுப்பிட்டு பொண்டாட்டி திரும்பினா.

"என்னங்க, அண்ணனைக் கூப்பிடட்டா?"

"எதுக்கு? அது வெறும் நீராவி. காலையில குளிரு."

"நீராவின்னா வெள்ளையா வந்து கொஞ்ச நேரத்துல நின்னுடும். இது நீலமா வருது, நிக்கவே மாட்டேங்குது. எஞ்சினுக்குள்ள ஆயில் எரியுது."

"வானம் நீலமா இருக்கு. அதான் புகையும் அப்படித் தெரியுது."

"கீழ கறுப்பா சொட்டுதே, அதுவும் வானமா?"

"யாரு சொன்னா? என் வண்டி ஒரு சொட்டு ஒழுகாது!"

"பந்தயமா? ராத்திரி பூரா வண்டிக்கு அடியில அட்டை கிடக்கட்டும். காலையில ஒரே ஒரு சொட்டு இருந்தாலும் அண்ணன் வந்து எஞ்சினைப் பிரிக்கும். இல்லன்னா, இந்த வண்டியைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்."

வாயே திறக்க மாட்டாளாமே! நம்மாளுக்குப் புல்லரிச்சுப் போச்சு.

சாயங்காலம் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழிச்சு ஒரு துண்டை அவளே விரிச்சா. "கடைக்குப் போயிட்டு வரேன்"னு கிளம்பினா. நம்மாளு குனிஞ்சு பாத்தாரு. அதுக்குள்ள ஒரு சொட்டு! அட்டையைத் திருப்பிப் போட்டாரு. இன்னொரு சொட்டு! அப்பத்தான் அந்த மகா மூளையில ஒண்ணு உதிச்சுது. உள்ள ஆயில் இருந்தாத்தானே ஒழுகும்?

சுவரோரமா ஒரு பிளாஸ்டிக் பேசின் கிடந்துது. அதுக்குள்ளயே ஒரு ஸ்பானர். இந்த வீட்டுல தேடினது எது உடனே கிடைச்சிருக்கு? ஆனா அதை யோசிக்கிற ஆளா இவரு? அதிர்ஷ்டம்னு நினைச்சு வண்டிக்கடியில படுத்தாரு. அடி போல்ட்டைக் கழட்டினாரு. மொத்த ஆயிலையும் பேசின்ல இறக்கினாரு. போல்ட்டை மாட்டி, பனியனைக் கழட்டி எஞ்சினுக்கு அடிப்பக்கம் பளபளன்னு துடைச்சாரு. பெட்டியில மிச்சமிருந்த அட்டையைக் கிழிச்சு புதுசா விரிச்சாரு. பேசினைத் தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி ஒளிச்சாரு.

காலையில அட்டை அப்படியே சுத்தமா இருந்துது.

"பாத்தியா?"

"அட ஆமாங்க! நீங்கதான் ஜெயிச்சீங்க. வாங்க, வண்டியில ஒரு ரவுண்டு போலாம்."

"இப்பவா? இடுப்பு பிடிச்சிருக்கு."

"நான் ஓட்டறேன்."

"டயர்ல காத்து கம்மி."

"போற வழியில அடிச்சுக்கலாம்."

"எதிர்வெயிலு..."

"என்கிட்ட கண்ணாடி இருக்கு." ஏறி உக்காந்து சாவியைப் போட்டா.

ஆயில் இல்லாம எஞ்சின் ஓடினா என்ன ஆகும்? உள்ள இறுகிப் போயி, எடைக்குத்தான் போடணும். நம்மாளு வண்டி முன்னாடி பாஞ்சு பானெட் மேல விழுந்தாரு.

"திருப்பாத! சாவியைத் திருப்பாதடி! உள்ள ஆயிலே இல்ல!"

அவ நிதானமா இறங்கினா. "எங்க வச்சிருக்கீங்க?"

"தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி."

கேட் திறக்கிற சத்தம். கையில டூல்ஸ் பெட்டியோட மச்சான்.

"என்னம்மா, நான் வர்றதுக்குள்ள பழைய ஆயிலை இறக்கி வைக்கச் சொன்னேனே?"

"நேத்தே ஆயிடுச்சுண்ணே. கையெல்லாம் கறையாகுமேன்னு யோசிச்சேன். அவரே இறக்கிட்டாரு. அடியெல்லாம் துடைச்சு வேற வச்சிருக்காரு."

"பரவாயில்லையே மாப்ள!" மச்சான், அவ காட்டின இடத்துலேர்ந்து பேசினை இழுத்து, பக்கத்துல கிடந்த, தான் கொடுத்தனுப்பின ஸ்பானரை எடுத்துக்கிட்டு வண்டிக்கடியில போனான். உள்ளேர்ந்து குரல் மட்டும் வந்துது.

"மாப்ள, பெட்டியில இருக்கிற டார்ச்சை எடுத்துக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க."

நம்மாளு காட்டினாரு.