பதினைந்து குதிரைகளும் ஒரு சோப்பும்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு சக்கரம் என்று சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். சக்கரத்தை எவனும் உருட்டிவிடலாம். அது எந்த வேகத்தில் உருள வேண்டும் என்று முடிவெடுக்க முதன்முதலாக ஒரு கமிட்டி போட்டானே, அவனல்லவா நாகரிகத்தின் தந்தை!

அப்படிப்பட்ட தந்தை ஒருவர் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் தலைமைப் பொறியாளராக இருந்தார். ஊழியர்கள் அவருக்குச் சூட்டியிருந்த பெயர் ‘மார்ஜின்’ சார். எந்தக் கணக்கைப் போட்டாலும் கடைசியில், “எதுக்கும் கொஞ்சம் மார்ஜின் வச்சுக்குவோம்” என்று கூட்டிக்கொள்வார். ஆறு மணி ரயிலுக்கு நாலு மணிக்கே போய் நிற்பார். சட்டைப் பையில் மூன்று பேனா. ஒன்று எழுத, இன்னொன்று அது எழுதாவிட்டால், மூன்றாவது, அந்த இரண்டாவதை எவனாவது இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டால். அந்தப் பெயரை அவர் கேலி என்று நினைக்கவில்லை. பட்டம் என்று நினைத்தார்.

இந்த மகானின் அறைக்கு ஒரு நாள் பெட்டியக்கா வந்தாள். மூன்றாம் பெல்ட்டில் நிமிடத்துக்கு நாற்பது சோப்பு வரும். அதன் கோடியில் ஒற்றை ஆளாக நின்று சோப்புகளை அட்டைப்பெட்டியில் அடுக்குவதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை.

“கட்டைவிரல் மரத்துப் போகுது சார்” என்று வலது கையை நீட்டினாள். “காலைல டம்ளரைப் பிடிச்சா நழுவுது. இப்படியே போனா கையே விளங்காமப் போயிடும்னு டாக்டர் சொல்றாரு. வேலையை விட்டா வீட்ல உலை கொதிக்காது. பெல்ட்டைக் கொஞ்சம் மெதுவா விடச் சொல்லுங்க. முப்பது வந்தாப் போதும், ஓட்டிடுவேன்.”

மார்ஜின் சாருக்கு உண்மையாகவே மனசு இளகிவிட்டது. மேலாளரிடம் பேசி முப்பதுக்குச் சம்மதமும் வாங்கினார். மனசு இளகிய பொறியாளர் அடுத்து என்ன செய்வார்? கமிட்டி போட்டார்.

முதலில் பேசியவர் எலெக்ட்ரீஷியன். அதுதான் அவர் செய்த தப்பு.

“அங்க ஓடுறது ரெண்டு எச்.பி. மோட்டார் சார். அதுக்கு ஏத்த மாதிரி ரெண்டு எச்.பி. டிரைவ் ஒண்ணு மாட்டிட்டா, குமிழைத் திருப்பினா மெதுவாகும். அரைநாள் வேலை.”

எச்.பி. என்றால் குதிரைச்சக்தி. டிரைவ் என்பது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைப் பிடித்துவைத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. இதெல்லாம் கூட்டத்துக்குத் தெரியும். ஆனால் ‘அரைநாள்’ என்ற சொல்லைக் கேட்டதும் அறையில் ஓர் அதிர்ச்சி பரவியது. அரைநாளில் முடிகிற காரியத்துக்கு வைத்த கமிட்டியை நாளைக்கு எவன் மதிப்பான்?

“கிளம்புறப்ப பெல்ட் தம் கட்டி இழுக்கும்யா” என்றார் ஃபோர்மேன். “மூணாப் போடு.”

“மூணு நம்ம லிஸ்ட்லயே இல்ல” என்றார் ஸ்டோர் கீப்பர். “அஞ்சாப் போட்டா நாளைக்கு வேற எதுக்காவது ஆகும்.”

திட்ட அதிகாரி கண்ணை மூடித் திறந்தார். “வருங்காலத்துல சோப்பு பெருசாயிடுச்சுன்னா?”

“எவ்வளவு பெருசா சார்?”

“அது இப்பவே தெரிஞ்சா அதுக்குப் பேரு வருங்காலமாய்யா? பத்து!”

குதிரை பேரம் என்பது சட்டசபைகளில்தான் நடக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பாவம், நாம்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். மார்ஜின் சார் தொண்டையைச் செருமினார். “எதுக்கும் கொஞ்சம் மார்ஜின் வச்சுக்குவோம். பதினஞ்சு.”

“சார், ஒரு சோப்பு நூறு கிராம்” என்றார் எலெக்ட்ரீஷியன் ஈனசுரத்தில்.

“நீங்க விஷயத்தை ரொம்ப ‘குறுகலா’ப் பாக்கிறீங்க” என்று கூட்டம் அவரைக் கண்டித்துக் கலைந்தது.

அன்று வீட்டில் மனைவி கேட்டாள்: “ஏங்க, அந்தம்மா பெல்ட்டு மெதுவாயிடுச்சா?”

“தேர்வு முடிஞ்சிருக்கு. பதினஞ்சு குதிரை.”

“நம்ம ஃபேனுக்கு ரெகுலேட்டர் வாங்கப் போனப்ப கடைக்காரன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். ஒரு ஃபேனா, ரெண்டு ஃபேனான்னு.”

“அது கடை. இது தொழிற்சாலை.”

“அதான் பாத்தேன். அங்க அன்னிக்கே கையில குடுத்துட்டான்.”

டிரைவ் இரண்டு மாதம் கழித்து வந்தது. பீரோ மாதிரி இருந்தது. எலெக்ட்ரீஷியன் அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

“சார், இவ்வளவு பெரிய டிரைவ் அந்தச் சின்ன மோட்டாரைக் கண்டுக்கவே கண்டுக்காது. மோட்டார் எரிஞ்சாக்கூட அதுக்கு உறைக்காது. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. சின்ன டிரைவா மாத்திடுவோம்.”

“கமிட்டி தேர்ந்தெடுத்ததை மாத்தறதா? மோட்டாரை மாத்து!”

பதினைந்து குதிரை மோட்டார் வந்தது. பழைய கியர்பாக்ஸ் அதைப் பார்த்தே நடுங்கியதால் புது கியர்பாக்ஸ் வந்தது. முழு வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு எண்பது சோப்பு வரும். “வரட்டுமே, குறைக்கத்தானே டிரைவ் இருக்கு” என்றார் மார்ஜின் சார். இதற்குள் இன்னும் இரண்டு மாதம் ஓடியிருந்தது. பெட்டியக்கா கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு நாற்பது நாற்பதாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஒரே ஒரு சடங்கு பாக்கி. டிரைவுக்குக் குறைந்தபட்ச வேகம் சொல்லித்தர வேண்டும். மோட்டார் ரொம்ப மெதுவாகச் சுற்றினால் அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும், மோட்டார் சூடாகும். ஆகவே பாதி வேகத்துக்குக் கீழே போகாதே என்றது கையேடு. எண்பதில் பாதி நாற்பது. மார்ஜின் சாரின் விரல் பொத்தான்மேல் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஐம்பது என்று அழுத்தியது.

திறப்பு விழாவுக்கு மேலாளரே வந்தார். குமிழைத் திருப்பும் கௌரவம் பெட்டியக்காவுக்கு. அவள் இடது பக்கம் கோடி வரைக்கும் திருப்பினாள். பெல்ட் சீறிக்கொண்டு வந்தது.

“சார், குமிழ் இதுக்கு மேல திரும்பலையே?”

“திரும்பாதும்மா. பாதுகாப்பு.”

“யாருக்கு சார்?”

“மோட்டாருக்கு. சூடாயிடும்ல?”

“முன்னாடி நாப்பது வந்துச்சு. இப்ப மெதுவா விட்டாலே அம்பது வருதே?”

“ஆனா இப்ப உங்களுக்கு ‘சுதந்திரம்’ இருக்கும்மா” என்று திட்ட அதிகாரி குறுக்கிட்டார். “அம்பதுலேருந்து எண்பது வரைக்கும் எது வேணுமோ நீங்களே தேர்ந்தெடுத்துக்கலாம்.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் சோப்புகளை எண்ணினார். முகம் மலர்ந்தது. “முப்பதுக்குக் குறையும்னு பயந்துட்டிருந்தேன். அம்பது! பிரமாதம்யா! இதுல இனி எவனும் கை வைக்கக் கூடாது.”

“சார், அது வந்து... குறைக்கத்தான் நாங்க...” என்று ஆரம்பித்தார் மார்ஜின் சார்.

“பாருங்கய்யா, என்ன தன்னடக்கம்!” என்று மேலாளர் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. எல்லோரும் தட்டும்போது சும்மா நின்றால் நன்றாக இராது என்று, தமக்குத் தாமே மார்ஜின் சாரும் தட்டிக்கொண்டார். பெட்டியக்கா தட்டவில்லை. அவள் கை காலியாக இல்லை.

அவள் பத்தொன்பது நாள் தாக்குப்பிடித்தாள். இருபதாம் நாள் விரல் மடங்கவே இல்லை. ‘வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை’ என்று காரணம் எழுதி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் இடத்தில் இரண்டு பேரை நிறுத்தினார்கள். மார்ஜின் சாருக்குச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் வந்தது.

மாதக் கடைசியில் அவர் பராமரிப்பு அறிக்கையை நிரப்ப உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார்.

எரிந்த மோட்டார்: இல்லை.

பழுதான டிரைவ்: இல்லை.

மாற்றப்பட்ட பாகம்: இங்கே பேனாவை ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு எழுதினார்: ஒன்று. பெட்டியக்கா.

பழுதுக்குக் காரணம்: இரண்டு குதிரை போதுமான இடத்தில், ஒரு கழுதையைத் தலைமைப் பொறியாளராகப் போட்டது.